எந்தத் தலைப்பில் எழுதுவது? தொற்றுக் காலத்தில் ஊராட்சிக்குப் பணம் வரும் வழிகள்: ஓர் ஒப்பீடு

2020 ஏப்ரல் முதல் வாரத்தில் எங்கள் ஊராட்சி அலுவலக மேசையில் ஒரு கோடு போட்ட தாள் கிடந்தது. பிளீச்சிங் பவுடர் 25 கிலோ மூட்டை நான்கு, லைசால் கேன் இரண்டு, முதுகில் மாட்டும் கைத்தெளிப்பான் இரண்டு, தூய்மைக் காவலர்களுக்குக் கையுறை, முகக்கவசம் தைக்கக் காடாத்துணி, மைக் கட்டிய ஆட்டோவுக்கு நான்கு நாள் வாடகை, ஊர் எல்லையில் காவலுக்கு நின்ற பையன்களுக்கு டீ. கூட்டினால் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. அத்தனையும் கடன். கடைக்காரர் உள்ளூர்க்காரர் என்பதால் கொடுத்தார். தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஊராட்சி செயலர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை எந்தத் தலைப்புல எழுதுறது?" அதாவது, இந்தச் செலவை எந்த நிதியின் கணக்கில் காட்டுவது?

நான் வார்டு உறுப்பினராகி அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு மட்டும் தேர்தல் நடந்து, ஜனவரியில் பதவியேற்றிருந்தோம். மற்ற ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. நகரங்களின் கதை இன்னும் மோசம். 2016-ல் பதவிக்காலம் முடிந்ததோடு சரி. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை சென்னை மாநகராட்சி உட்பட எந்த நகர உள்ளாட்சியிலும் தேர்ந்தெடுத்த மன்றம் கிடையாது. ஆக, கொரோனா வந்தபோது கிராமத்தில் அனுபவமில்லாத பிரதிநிதிகள், நகரத்தில் பிரதிநிதிகளே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே எழுதுவதைப் படிக்க வேண்டும்.

செயலரின் கேள்விக்குப் பதில் ஒன்றல்ல. தொற்றுக் காலத்தில் உள்ளாட்சிக்குப் பணம் தர உலகம் முழுக்க ஐந்தாறு வழிகள்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் யாரோ ஒருவர் எங்கோ சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அடுத்த முறை எதைத் தேர்ந்தெடுப்பது என்று அரசு யோசிக்குமானால், தொகை எவ்வளவு என்பதை நான் முதலில் பார்க்கமாட்டேன். பணம் எத்தனை நாளில் வந்தது, கையெழுத்து யாருடையது, யார் விடுபட்டார்கள், ஆடிட்டில் யார் மாட்டினார்கள் என்றுதான் பார்ப்பேன்.

முதல் வழி, பேரிடர் நிதி. 2020 மார்ச் 14 அன்று மத்திய உள்துறை கோவிட்டைப் பேரிடராகக் கருதி, மாநிலப் பேரிடர் மீட்பு நிதியிலிருந்து செலவு செய்யலாம் என்று அறிவித்தது. ஏப்ரல் 3-ல் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 11,092 கோடி ரூபாய் விடுவித்தார்கள். தனிமைப்படுத்தும் முகாம், அங்கே இருப்பவர்களுக்குச் சாப்பாடு, மாதிரி சேகரிப்பு, பரிசோதனைக் கருவி எல்லாம் இதில் அடங்கும். ஆண்டு ஒதுக்கீட்டில் இவ்வளவுதான் கோவிட்டுக்கு என்று ஒரு உச்சவரம்பும் இருந்தது. 35 விழுக்காடாக இருந்ததை அந்த ஆண்டு செப்டம்பரில் 50 ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு 2021 மே முதல் தேதியே, வழக்கமான தேதிக்கு முன்னதாக, 8,873.6 கோடி போனது.

வேகத்தைப் பார்த்தால் இந்த வழிக்கு முதல் மார்க். சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, கணக்குத் தலைப்பு இருக்கிறது, புயலிலும் வெள்ளத்திலும் பழகிய அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பணம் ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர் என்று வருவாய்த்துறைப் படிகளில் இறங்கி அங்கேயே நின்றுவிடும். ஊராட்சியின் வங்கிக் கணக்கை அது பார்ப்பதே இல்லை. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து லாரி ஏறி ஊர் திரும்பியவர்களால் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம் பக்கமெல்லாம் எண்ணிக்கை திடீரென்று ஏறியது நினைவிருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்திலும் அப்படி இருபது பேரை வைத்தோம். சாப்பாட்டு பில் தாலுகா அலுவலகத்துக்குப் போனது, பாஸ் ஆனது. மோட்டார் ரிப்பேர், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், ராத்திரி விளக்கு, கூட்டிப் பெருக்கின அக்காவுக்குக் கூலி, இதெல்லாம் "ஊராட்சி பார்த்துக்கும்" என்று விடப்பட்டது. ஒரே கட்டடத்துக்குள் சோறு பேரிடர் செலவு, தண்ணீர் ஊராட்சிச் செலவு!

இரண்டாவது வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் ஓட்டு அதற்குத்தான். நிபந்தனையில்லாத மானியத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவது. மத்திய வரிப்பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழுவின் மானியத்தில் ஒரு பகுதி கட்டுப்பாடற்றது. சம்பளம், அலுவலகப் பராமரிப்பு போன்றவை தவிர உள்ளூர்த் தேவைக்கு எதற்கும் செலவழிக்கலாம். 2021-22க்கான முதல் தவணை ஜூனில் வர வேண்டியது. இரண்டாம் அலையில் ஊர்கள் தத்தளித்ததால் மே 8-ஆம் தேதியே 25 மாநிலங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 8,923.8 கோடி ரூபாயை விட்டார்கள். கணக்குகளை இணையத்தில் ஏற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அந்தத் தவணைக்கு மட்டும் தளர்த்தினார்கள். மாநிலம் பத்து வேலைநாளுக்குள் பணத்தைக் கீழே தள்ளவேண்டும், தாமதித்தால் வட்டியோடு தரவேண்டும் என்பது நிதிக்குழுவின் விதி. தமிழ்நாட்டில் அந்த மாதம் மூன்றாவது வாரம்தான் அலையின் உச்சம். ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று. பணம் அதற்குச் சற்று முன்பின்னாக வந்து சேர்ந்தது. அரசுப் பணம் தேவையான மாதத்திலேயே வந்து நான் பார்த்த அபூர்வ சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

எவ்வளவு வந்தது? தமிழ்நாட்டின் பங்கு 533 கோடி சொச்சம். 2011 கணக்கெடுப்பின்படி நம் ஊரக மக்கள்தொகை 3.72 கோடி. தலைக்கு 143 ரூபாய் ஆகிறது. ஊராட்சி ஒன்றியமும் மாவட்ட ஊராட்சியும் தம் பங்கை எடுத்தபின், கிராம ஊராட்சிக்கு 70 முதல் 85 விழுக்காடு என்ற நிதிக்குழு வரம்பை வைத்துப் பார்த்தால், தலைக்கு நூறிலிருந்து நூற்றிருபது ரூபாய். மக்கள்தொகையை மட்டும் வைத்துப் பிரித்தால் 3,000 பேர் உள்ள ஊராட்சிக்கு மூன்று லட்சம், மூன்றரை லட்சம் வரும். பெரிய தொகையில்லை. ஆனால் 2020 ஏப்ரலின் அந்த நாற்பதாயிரத்தோடு ஒப்பிட்டால், கடைக்காரர் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிற தொகை.

இதன் ஓட்டை எங்கே என்றால் சின்ன ஊராட்சிகளில். 600 பேர் உள்ள ஊராட்சிக்கும் கைத்தெளிப்பான் இரண்டு வேண்டும், மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட ஆள் வேண்டும், ஆட்டோ வாடகை அதேதான். வருவதோ அறுபது, எழுபதாயிரம். தலைக்கணக்கில் சமமாகப் பிரிப்பது காகிதத்தில் நியாயமாகத் தெரியும். ஆனால் பத்துப் பேர் வீட்டுக்கும் இரண்டு பேர் வீட்டுக்கும் அடுப்பு ஒன்றுதானே?

பணத்தைச் செலவழிக்க கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் அந்த வேலை இருக்கவேண்டும், அதை கிராமசபை ஏற்றிருக்கவேண்டும் என்பது இன்னொரு சிக்கல். 2020-ல் தொற்றைக் காரணம் காட்டிக் கிராமசபைகளை நிறுத்தினார்கள்; அக்டோபர் 2 கூட்டம் கடைசி நேரத்தில் ரத்தானபோது பல ஊர்களில் சத்தமே எழுந்தது. கேள்வி கேட்கும் சபையைப் பூட்டிவிட்டு, அது ஒப்புக்கொண்டதா என்று ஆடிட்டில் கேட்டால் யார் பதில் சொல்வது?

மூன்றாவது வழி, தலைப்புப் போட்டுக் கட்டிய மானியம், அதாவது இன்னதற்கு மட்டும்தான் செலவழிக்கலாம் என்று வருவது. 2020-21-ல் ஊரக மானியத்தில் பாதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டப்பட்டது; 2021-26-ல் அது 60 விழுக்காடாக ஏறியது. இதைத் தவிர, மருத்துவத்துக்கென்றே உள்ளாட்சிகள் வழியாக 70,051 கோடி என்று நிதிக்குழு பரிந்துரைத்தது: ஊரகத்துக்கு 43,928 கோடி, நகரத்துக்கு 26,123 கோடி. கேட்கக் காதுக்கு இனிமை. உள்ளே பிரித்துப் பார்த்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பரிசோதனை வசதி, கட்டடம் இல்லாத துணை நிலையங்களுக்குக் கட்டடம், வட்டார அளவில் பொதுச் சுகாதார அலகு, நலவாழ்வு மையங்கள். எல்லாமே வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகளில் எழும் கட்டடம் அது. தொற்று தெருமுனையில் நிற்கும்போது கையில் எடுக்கும் பணம் அல்ல. இரண்டு அலைகளுக்கு நடுவே செய்ய வேண்டிய வேலையை அவசரகால உதவிப் பட்டியலில் போட்டுத் தொகையைப் பெரிதாகக் காட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது.

குடிநீருக்குக் கட்டிய பணத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் ஊராட்சிகளில் கணக்கு எண் 1 பொது நிதி. கணக்கு எண் 2 மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும். கணக்கு எண் 3 திட்டங்களுக்கு. இரண்டாம் கணக்கில் பணம் கிடக்கும், முதல் கணக்கு வறண்டிருக்கும், ஒன்றிலிருந்து மற்றதற்கு நாமாக மாற்ற முடியாது. இது நல்ல ஏற்பாடுதான். இல்லாவிட்டால் மின்கட்டணம் கட்டாமல் ஊரே இருட்டாகிவிடும். ஆனால் அறிவிக்கப்பட்ட தொற்றுக் காலத்தில் மூன்று மாதத்துக்கு, கணக்கு 2-லிருந்து ஒரு பங்கைக் கைமாற்றாக எடுத்துப் பிறகு நிரப்பலாம் என்று ஒரு அரசாணை போட்டால், புதிதாக ஒரு ரூபாய் ஒதுக்காமலே பாதி ஊராட்சிகளின் முதல் வாரம் சமாளிக்கப்பட்டுவிடும்.

நான்காவது வழியில் முதலில் செலவழிக்க வேண்டும், பிறகு பில் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். கஜானாவுக்கு மிகவும் பிடித்த வழி இது. செலவாகாத பணம் முடங்காது, ரசீது இல்லாமல் எதுவும் போகாது. கேட்டால் கேரளத்தைக் காட்டுவார்கள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே அங்கே ஊராட்சிகள் சமூக சமையலறைகளைத் திறந்தன. குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பின் பெண்கள் சமைத்தார்கள், சாப்பாடு 20 ரூபாய், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூட 5 ரூபாய், வழியில்லாதவர்களுக்கு இலவசம். மேலிருந்து பணம் வரட்டும் என்று காத்திருக்காமல் சொந்த நிதியிலும் நன்கொடையிலும் கைவைத்தே பல இடங்களில் ஆரம்பித்தார்கள்.

அதைச் செய்ய முடிந்ததன் காரணத்தைப் பார்க்காமல் ஒப்பிடுவது தப்பு. கேரளத்தில் கிராம ஊராட்சிகள் 941 மட்டுமே. சராசரி மக்கள்தொகை இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல். நம் ஊரில் அது ஒரு பெரிய பேரூராட்சி. 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டம் வழியாக மாநிலத் திட்ட நிதியில் கணிசமான பங்கு நேரே அவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆள் இருக்கிறார்கள், அலுவலகம் இருக்கிறது, பெட்டியில் காசும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்போது 12,525 கிராம ஊராட்சிகள்; சராசரி மூவாயிரம் பேர்கூட முழுசாக இல்லை. பெரும்பாலான ஊராட்சிகளில் நிரந்தர எழுத்து வேலைக்கு செயலர் ஒருவர்தான். மாநிலச் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கும் 10 விழுக்காட்டுப் பங்கிலிருந்து மாதாமாதம் வரும் மாநில நிதிக்குழு மானியம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். "முதலில் செலவு செய், பிறகு தருகிறேன்" என்பது பணம் உள்ளவனிடம் சொல்ல வேண்டிய வார்த்தை.

எங்கள் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். முகக்கவசம் தைத்தது எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழு. 1,200 கவசம், துணி எங்களுடையது, தையல்கூலி அவர்களுக்கு. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை என்று மேலிடத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். குழுவுக்கு எங்கிருந்து ஜிஎஸ்டி எண் வரும்? வெள்ளைத்தாளில் வவுச்சர் எழுதி, ஆறு பேரிடம் கையெழுத்தும் ஒருவரிடம் கைநாட்டும் வாங்கி மறுபடி அனுப்பினோம். திரும்பி வரவில்லை, பணமும் வரவில்லை. டவுனிலிருந்து மொத்தக் கடையில் ரெடிமேட் கவசம் வாங்கியிருந்தால் பில் சுத்தமாக இருந்திருக்கும். பில் போட்டு வாங்கும் முறை ஊருக்குள் சுற்ற வேண்டிய காசை இப்படித்தான் டவுனுக்கு அனுப்பிவைக்கிறது. கூலியைக் கடைசியில் தலைவர் தன் கையிலிருந்து கொடுத்தார் என்பது வேறு கதை.

ஐந்தாவது, பணத்துக்குப் பதில் பொருள். பரிசோதனைக் கருவி, மருந்து போன்றவற்றுக்கு இதைவிட நல்ல வழியே கிடையாது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தக் கொள்முதலில் நாட்டுக்கே முன்னோடி. பன்னிரண்டாயிரம் ஊராட்சிகள் தனித்தனியாக ஆக்சிமீட்டர் வாங்கக் கிளம்பியிருந்தால் விலை எங்கே போயிருக்கும் என்று நினைத்தாலே பயம். மொத்தமாக வாங்குவதன் அபாயம், தப்பும் மொத்தமாக நடக்கும் என்பதுதான். சீனாவிலிருந்து வந்த துரிதப் பரிசோதனைக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்று 2020 ஏப்ரல் கடைசியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டிவந்ததே!

பிளீச்சிங் பவுடரும் துடைப்பமும் மேலிருந்து வரத் தேவையில்லை. ஆனால் அதுதான் வந்தது. யாரோ எங்கோ மொத்தமாக வாங்கி, இறக்கிவிட்டு, விலையை ஊராட்சிக் கணக்கில் கழித்துக்கொள்வது. தீர்மானம் மட்டும் பின்தேதியிட்டு எங்களிடம் கேட்பது. மூட்டையைத் திறந்தால் வாடையே இல்லை, வெறும் சுண்ணாம்பு மாதிரி. எங்கள் கடைக்காரரிடம் வாங்கியிருந்தால் மூட்டையை அவர் வாசலிலேயே திருப்பிப் போட்டிருப்போம்.

ஆறாவது வழி நம் ஊரில் யாரும் பேசாதது: கைவிட்டுப் போன வருமானத்துக்கு ஈடு. இங்கிலாந்தில் 2020-ல் வாகன நிறுத்தக் கட்டணம், உடற்பயிற்சி மையக் கட்டணம் எல்லாம் நின்றுபோய் உள்ளாட்சி மன்றங்கள் திணறின. திட்டமிட்ட கட்டண வருமானத்தில் முதல் 5 விழுக்காடு இழப்பை மன்றமே தாங்கட்டும், அதற்கு மேல் போகும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 75 பென்ஸ் அரசு தரும் என்று ஒரு திட்டம் போட்டார்கள். அதற்கு முன்பே மார்ச்சிலும் ஏப்ரலிலும் தலா 160 கோடி பவுண்டு நிபந்தனையில்லாமல் கொடுத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் இதே கேள்விக்கு ஓராண்டு இடைவெளியில் இரண்டு நேரெதிர் விடைகள். 2020 மார்ச் சட்டத்தின் 15,000 கோடி டாலர் நிவாரண நிதியில் நேரடிப் பங்கு ஐந்து லட்சம் பேருக்கு மேல் உள்ள உள்ளாட்சிகளுக்குத்தான். புதிதாக வந்த கோவிட் செலவுக்கு மட்டும் பயன்படுத்தலாம், விழுந்த வருமானத்தை நிரப்பக் கூடாது. சின்ன ஊர்கள் மாநிலத்தின் வாசலில் நின்றன. 2021 மார்ச் சட்டத்தில் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். 35,000 கோடி டாலர். வருமான இழப்பைக் காட்டி வழக்கமான சேவைகளுக்கே செலவழிக்கலாம். 50,000 பேருக்குக் கீழுள்ள ஊர்களுக்கும் மாநிலம் வழியாகப் பங்கு. பிறகு வந்த விதியில், ஒரு கோடி டாலர் வரை இழப்பைக் கணக்குப் போட்டு நிரூபிக்கவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். சின்ன ஊரின் கணக்கரைக் கணக்குப் போடச் சொல்லிக் கொல்லாதே என்று ஒரு வல்லரசுக்குப் புரியக் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு ஆனது.

கிராம ஊராட்சிக்கு இந்த வழி ஒத்துவராது; இழப்பதற்கு எங்களுக்கு வருமானமே பெரிதாக இல்லை. வீட்டுவரி கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் நிலைமை வேறு. வாரச்சந்தை ஏலம், பேருந்து நிலையக் கட்டணம், கடை வாடகை, கட்டணக் கழிப்பிடக் குத்தகை. ஊரடங்கில் அத்தனையும் ஒரே நாளில் நின்றது. ஏலம் எடுத்தவர் தள்ளுபடி கேட்கிறார், தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் போட வேண்டும், செலவு இரட்டிப்பு. அங்கே இழப்பீடுதான் முதல் மருந்து. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் ஒரே அரசாணையில் ஒரே வழியை எழுதுவது நிர்வாகச் சோம்பேறித்தனம்.

இந்தப் பெரிய தொகைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பணத்தை யாரும் கவனிப்பதில்லை. தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய். ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் சேர்ந்து இயக்கும் கணக்கு. பத்தாயிரம் இன்றைக்கு எதற்கும் காணாது. ஆனால் அமைப்பைப் பாருங்கள்: ஒரு கை ஊருடையது, ஒரு கை மருத்துவத்துறையுடையது, எந்த வீட்டில் காய்ச்சல் என்று நர்சம்மாவுக்குத் தெரியும், எந்தக் குழாயில் தண்ணீர் கலங்கல் என்று தலைவருக்குத் தெரியும். நான் கண்டதில் சரியாக வடிவமைத்த ஒரே கணக்கு இதுதான், பணம்தான் இல்லை.

கையெழுத்து என்றதும் நினைவுக்கு வருவது எங்கள் காசோலை. தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவர் தேர்தலில் தோற்ற அணி, ஜெயித்த அணி என்று இரண்டு மனத்தாங்கல் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊரில் பத்தொன்பது நாள் கையெழுத்து வரவில்லை. கணக்கில் பணம் இருந்தது, கடையில் பொருள் இருந்தது, நடுவில் ஒரு பேனா இல்லை. ஊழலைத் தடுக்கத்தான் இரட்டைக் கையெழுத்து என்பது சரியான வாதம், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2020 ஏப்ரலில் ஒடிசா அரசு சர்பஞ்சுகளுக்கு, அதாவது ஊராட்சித் தலைவர்களுக்கு, அவரவர் எல்லைக்குள் ஆட்சியரின் அதிகாரத்தையே கொடுத்தபோது, நாம் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு இரண்டாவது கையெழுத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

நிபந்தனை விஷயத்திலும் ஒரு பழைய காயம் இருக்கிறது. 2016-க்குப் பிறகு தேர்தல் நடத்தாத ஆண்டுகளில், தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று சொல்லி மத்திய அரசு தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்கான 14-வது நிதிக்குழு மானியத்தை நிறுத்திவைத்தது. தேர்தலை நடத்தாதது ஊராட்சியா? தண்டனை யாருக்கு? தொற்று வரும்போது வாசலில் நிபந்தனையை வைத்தால் இதுதான் நடக்கும். 2021 மே மாதம் செய்ததுபோல் முதலில் பணம், பிறகு கணக்கு. அடுத்த தவணைக்கு வேண்டுமானால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆக, தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இப்படி எடுப்பேன். மாநிலம் தொற்றுப் பேரிடரை அறிவித்த பத்து நாளுக்குள் ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் ஆள்கணக்குப் பார்க்காமல் ஒரு லட்சம் ரூபாய். 12,525 ஊராட்சி என்று வைத்தால் 125 கோடி. 2021-ல் வந்த ஒரு தவணையின் கால்பங்கைத் தாண்டாது. மாநில நிதிக்குழு மானியத்திலேயே ஊராட்சிக்குக் குறைந்தபட்சத் தொகை என்ற வழக்கம் இருக்கிறது, ஆகவே இதில் புதுமை ஒன்றுமில்லை. அதற்கு மேல் தருவது தலைக்கணக்கில். இந்த ஒரு லட்சம் தலைவரும் செவிலியரும் சேர்ந்த கணக்குக்குப் போகட்டும். துணைத் தலைவரின் கையெழுத்து மீதிப் பணத்துக்கு இருக்கட்டும். ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழான உள்ளூர்ச் செலவுக்குக் கைவவுச்சர் போதும் என்று அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும். செலவுப் பட்டியலை வாரம் ஒருமுறை அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்; கிராமசபை கூடமுடியாத காலத்தில் சுவர்தான் சபை. மருத்துவக் கருவி மட்டும் மேலிருந்து. பேரிடர் நிதி முகாமுக்கு, அதில் முகாமின் தண்ணீரும் விளக்கும் கூலியும் சேர்த்து. செலவழித்துவிட்டு வாங்கிக்கொள்ளும் முறை மாநகராட்சிகளுக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.

இதில் ஒரு முடிச்சு மட்டும் எனக்கு அவிழவில்லை. 27 மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவரும் செவிலியரும் சேர்ந்த கணக்கு என்று நான் எழுதுகிறேன், தலைவர் நாற்காலி காலியாக இருக்கும் மாதத்தில் தொற்று வந்தால் அந்த இடத்தில் யார்? தனி அலுவலர் ஒருவரே பல ஊராட்சிகளுக்குப் பொறுப்பாக இருப்பார், எந்தக் குழாய் கலங்கல் என்று அவருக்குத் தெரியாது. கடைசியாக இருந்த வார்டு உறுப்பினர்களில் ஒருவரையோ, மகளிர் குழுக் கூட்டமைப்பின் தலைவியையோ இரண்டாவது கையாக வைக்கலாம் என்பது என் யோசனை. சட்டத்தில் அதற்கு இடம் செய்யவேண்டும். முகக்கவசம் தைத்த குழுவின் தலைவியிடம் இதைச் சொன்னேன். "கையெழுத்துப் போடுறேன் தம்பி, முதல்ல அந்தப் பழைய வவுச்சர் என்னாச்சுன்னு கேட்டுச் சொல்லு" என்றார்.